கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா?

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த வீடுகளில் அடுத்ததாகக் கிளம்பும் கேள்வி பெரும்பாலும் இதுதான். "டாக்டர் ரெண்டு வழி சொல்றார். கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கலாமாம். இல்லைன்னா மார்பையே எடுத்துடலாமாம். எது நல்லது அக்கா?"

கேட்பவர்களில் பாதிப் பேர் கேட்கும்போதே பதிலையும் வைத்திருப்பார்கள். பல சமயம் அது அவர்களுடைய பதில்கூட இல்லை. ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாலு அடி தள்ளி கணவரும் மச்சினரும் மாமியாரும் நின்று பேசி முடித்திருப்பார்கள்: "எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துட்டா நிம்மதி."

எனக்கு வலது பக்கம் முழுதாக எடுத்தார்கள். ஒரே மார்பில் இரண்டு மூலையில் கட்டி இருந்ததால் எனக்கு அன்று தேர்வு என்று ஒன்று கிடையாது. தேர்வு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோய் மார்பிலும் அக்குளிலும் மட்டுமே இருக்கும் நிலைக்குத்தான் இது பொருந்தும். எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருந்தால் கணக்கே வேறு. அங்கே ஆபரேஷனைவிட மருந்துக்குத்தான் முதலிடம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் உயிர். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் முடிவெடுக்க இதுதான் உதவாத அளவுகோல். ஏனென்றால் இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுதான்.

இதை யாரோ ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசியும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் தனித்தனியாக ஆராய்ச்சி தொடங்கினார்கள். மிலானில் 701 பெண்கள், அமெரிக்காவில் 1,800க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு மார்பு முழுதும் எடுக்கப்பட்டது, இன்னொரு பிரிவுக்குக் கட்டியும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையும் மட்டும் எடுத்து ரேடியேஷன் தரப்பட்டது. இருபது வருடம் பின்தொடர்ந்து 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. மார்பில் இருக்கும் கட்டி மட்டும் ஆளைக் கொல்வதில்லை. அதிலிருந்து ரத்தத்தில் ஏறி வேறு இடத்தில் போய் உட்காரும் செல்கள்தான் கொல்கின்றன. அவற்றைப் பிடிப்பது கீமோ, ஹார்மோன் மாத்திரை, டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகள். மார்பை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் ஏற்கெனவே வெளியே போன செல்லுக்கு அது எட்டாது.

பிறகு ஏன் வீட்டுப் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்? அவர்கள் பார்த்தது அந்தக் காலத்து ஆபரேஷன். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய முறை அது. மார்பு, அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசை, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவார்கள். எழுபது எண்பது வருடம் உலகம் முழுக்க அதுதான் நடந்தது. நெஞ்சு குழிந்து, கை வீங்கி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடந்த ஒரு பெரியம்மாவோ அத்தையோ பல குடும்பங்களின் நினைவில் இருப்பார். "அவ்வளவு எடுத்ததாலதான் பிழைச்சா" என்று அவரை வைத்தே கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே உயிரை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்: அதே இடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு, ரேடியேஷன் தேவைப்படுமா, அது உங்களுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்குமா, எத்தனை முறை ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும், பிறகு கண்ணாடி முன்னால் நிற்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும். என் அபிப்பிராயத்தில் இவற்றில் மிகப் பெரியது ரேடியேஷன். முடிவைத் தீர்மானிப்பது அதுதான், ஆனால் அதைத்தான் கடைசியில் கேட்கிறோம்.

## வழி 1: கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன்

கட்டியைச் சுற்றி நல்ல சதை கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். அக்குளுக்குத் தனியாக ஒரு கீறல் இருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். மார்பு கொஞ்சம் சிறுத்து ஒரு பக்கம் பள்ளம் தெரியலாம், ஆனால் அது உங்கள் மார்பு, தொட்டால் உணர்ச்சி இருக்கும்.

இதில் ரேடியேஷன் பேக்கேஜின் ஒரு பகுதி, விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் துணை அல்ல. ஃபிஷரின் ஆராய்ச்சியில் மூன்றாவதாக இருந்த, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் தராமல் விட்ட பிரிவில் 39 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் அதே மார்பில் மறுபடி வந்தது. ரேடியேஷன் எடுத்தவர்களில் அது 14 சதவீதம். இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைவு. 70 வயதைத் தாண்டி, சின்னக் கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), அக்குளில் நோய் இல்லை என்றால் ரேடியேஷன் இல்லாமல் மாத்திரையோடு விடுவதும் உண்டு. மற்றவர்களுக்கு "ஆபரேஷன் இங்க பண்ணிக்கறேன், ரேடியேஷன் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது ஆபத்தான பேச்சு.

ரேடியேஷன் என்றால் நடைமுறையில் என்ன? திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். முன்பு ஐந்து வாரம், 25 முறை. இப்போது பல இடங்களில் மூன்று வாரம், 15 முறை. வயது குறைந்தவர்களுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில நாள் சேரும். ஒரே வாரத்தில் ஐந்து முறையாக முடிப்பதும் சரியாக வருகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சி 2020ல் சொன்னது. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம், வலி கிடையாது. வெளியே காத்திருப்பதுதான் அரை நாள். நெஞ்சில் மையால் கோடு போடுவார்கள், அது அழியாமல் குளிக்க வேண்டும். பிரா போட முடியாது, மார்பின் அடிமடிப்பு கறுத்து உரியும். பருத்தி பாடியோ கணவரின் பழைய பனியனோதான் துணை. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி படுக்க வேண்டும், அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு தோள் பயிற்சியை விட்டவர்கள் முதல் நாளே திணறுவார்கள். சுவரில் விரலால் மேலே ஏறும் அந்தப் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். இடது மார்பு என்றால் இதயம் பக்கத்தில் இருப்பதால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் கொடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள். இன்னொன்று, வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். உடம்பிலிருந்து கதிர் எதுவும் அடிக்காது. மருமகள் குழந்தையைத் தள்ளி வைத்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, தங்கல். மெஷின் இருப்பது சென்னை, வேலூர், கோவை, மதுரை, திருநெல்வேலி, புதுச்சேரி மாதிரி ஊர்களில். உங்கள் ஊர் அங்கிருந்து மூன்று மணி நேரம் என்றால் மூன்று வாரத்துக்கு ரூம் வாடகை, கூட ஒரு ஆள், அந்த ஆளின் சம்பள இழப்பு. சிகிச்சைக்குப் போகும் கேன்சர் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது, துணைக்கு வருபவருக்கும் முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெரிய கேன்சர் மருத்துவமனைகளின் பக்கத்தில் குறைந்த வாடகைத் தங்குமிடங்கள் பெரும்பாலும் இருக்கும், சோஷியல் ஒர்க்கரைப் பிடித்தால் வழி சொல்வார்.

இரண்டாவது, மறு ஆபரேஷன். எடுத்த சதையின் ஓரத்தில் கேன்சர் செல் இருக்கிறதா என்று லேபில் மை தடவிப் பார்ப்பார்கள். ஓரம் சுத்தமில்லை என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி தியேட்டர். ஆபரேஷன் நடக்கும்போதே ஓரத்தைச் சோதிக்கும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. மூன்றாவது, வருடா வருடம் மாமோகிராம் (மார்பு எக்ஸ்ரே). அந்தத் தேதி நெருங்கும் வாரம் தூக்கம் வராது.

யாருக்கு இது சரி: ஒரே கட்டி, மார்பின் அளவோடு ஒப்பிட்டால் சின்னது, ரேடியேஷன் எட்டும் தூரத்தில். கட்டி பெரிதாக இருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கலாம். அப்படிச் செய்தால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைக்கச் சொல்லுங்கள். கட்டி மறைந்தே போய்விட்டால் எங்கே வெட்டுவது என்று தெரிய அதுதான் அடையாளம்.

யாருக்கு ஆகாது: ஏற்கெனவே அந்த நெஞ்சில் ரேடியேஷன் எடுத்தவர்கள், மார்பு முழுக்கச் சிவந்து வீங்கும் வகை நோய், மாமோகிராமில் மார்பெங்கும் சந்தேகமான சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிபவர்கள், இரண்டு முறை எடுத்தும் ஓரம் சுத்தமாகாதவர்கள். கர்ப்பிணிக்கு வயிற்றில் குழந்தை இருக்கும்வரை ரேடியேஷன் தர முடியாது.

## வழி 2: மார்பை முழுதாக எடுப்பது

இப்போது நெஞ்சுத் தசையை விட்டுவிடுகிறார்கள், அதனால் குழி விழாது. தட்டையான நெஞ்சில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கும். பக்கவாட்டில் நீர் வடிய டிரெயின் டியூப் ஒன்றோ இரண்டோ, அதன் நுனியில் ஒரு டப்பா. தினமும் காலையில் எத்தனை மி.லி. என்று சீட்டில் எழுத வேண்டும், அளவு குறைந்தபிறகே எடுப்பார்கள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் அந்த டப்பாவை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடு. பழைய தாம்பூலப் பையைத் தோளில் மாட்டி அதில் போட்டுக்கொள்ளுங்கள், டியூப் இழுபடாது. எடுத்த பிறகும் நீர் கோத்தால் ஊசி வைத்து உறிஞ்சுவார்கள்.

நன்மை உண்மையானது. அதே இடத்தில் மறுபடி வருவது குறைவு: மிலான் ஆராய்ச்சியில் இருபது வருடத்தில் 2.3 சதவீதம், கட்டி மட்டும் எடுத்தவர்களில் 8.8 சதவீதம். ஆனால் பூஜ்யம் அல்ல. தழும்பின் மேலேயே சின்னப் பரு மாதிரி வரலாம், தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடக்கூடாது. மிச்சமிருக்கும் மார்புக்கு மாமோகிராமும் தொடரும்.

"மொத்தமா எடுத்துட்டா கீமோ வேண்டாம், கரெண்ட் (ரேடியேஷன்) வேண்டாம்" என்று நம்பித்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. கீமோ தேவையா என்பதைக் கட்டியின் வகையும் அளவும் அக்குள் முடிச்சுகளும் முடிவு செய்கின்றன, எந்த ஆபரேஷன் என்பது அல்ல. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ நாலோ அதற்கு மேலோ முடிச்சுகளில் நோய் இருந்தாலோ மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் வரும். ஒன்று முதல் மூன்று முடிச்சு என்றாலும் பல டாக்டர்கள் தருகிறார்கள். ரேடியேஷனுக்குப் பயந்து மார்பைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே ரேடியேஷனுக்கு வரிசையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்: "மார்பை எடுத்தாலும் எனக்கு ரேடியேஷன் வேண்டியிருக்குமா டாக்டர்?" அநேகமாக வேண்டும் என்றால், அதைத் தவிர்க்க மார்பைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

மறைந்திருக்கும் செலவில் பணம் கொஞ்சம்தான். நெஞ்சு மரத்துப்போகும், சிலருக்கு இல்லாத மார்பில் அரிக்கும். மார்பு பெரிதாக இருந்தவர்களுக்கு ஒரு பக்கம் எடை போனதும் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும். வெளியே வைத்துக்கொள்ளும் சிலிக்கான் மார்புக்கும் பை வைத்துத் தைத்த பிராவுக்கும் சேர்த்து சில ஆயிரம் ஆகும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நம் வெயிலில் வியர்த்துக் கொட்டும். நூலில் பின்னிப் பஞ்சு அடைத்தவை லேசானவை, துவைக்கலாம். ஆனால் எடை இல்லாததால் ரவிக்கையோடு மேலே ஏறிக்கொள்ளும், ஊக்கு குத்தித்தான் நிறுத்த வேண்டும். தெரிந்த டெய்லர் ஒருவர் இருந்தால் ரவிக்கையின் உள்பக்கமே பை வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றுமே வைக்காமல் தட்டையாகவே நடமாடுபவர்களும் உண்டு. வீட்டில் நானும் அப்படித்தான்.

யாருக்கு இது சரி: மேலே சொன்ன, கட்டி மட்டும் எடுக்க முடியாதவர்கள். மார்பை எடுத்தால் ரேடியேஷன் தேவைப்படாத சின்னக் கட்டி, ஆனால் மெஷின் எட்டாத ஊர், கூட வர ஆள் இல்லை என்ற நிலையில் உள்ளவர்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டு தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் மூன்று வாரம் சென்னையில் தங்க முடியாது என்றால், அவர் இதைத் தேர்ந்தெடுப்பது அறியாமை அல்ல, நிலவரம். பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் (மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு) இருப்பவர்கள் இரண்டு மார்பையுமே எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். 2013ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி நோய் வருவதற்கு முன்பே செய்துகொண்டது அந்தக் காரணத்தால்தான். அவரைப் பார்த்துவிட்டு, மரபணுச் சோதனை செய்யாமலே "அந்தப் பக்கத்தையும் எடுத்துடுங்க" என்று கேட்பதால் ஆயுள் அதிகமாகிவிடாது.

## வழி 3: எடுத்துவிட்டு மறுபடி உருவாக்குவது

நம் ஊரில் இதைக் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். "இந்த வயசுல அது எதுக்கு" என்று முதல் குரல் வீட்டுக்குள்ளிருந்தே வரும். கேட்பது உங்கள் உரிமை, வயது இதில் வராது.

இரண்டு வகை உண்டு. ஒன்று, சிலிக்கான் இம்ப்ளான்ட். ஆபரேஷன் சின்னது, ஆனால் ஆயுளுக்கும் தாங்காது, பின்னால் மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் பட்டால் சுற்றியுள்ள சதை இறுகிக் கல் மாதிரி ஆகும் வாய்ப்பு அதிகம். மேற்பரப்பு சொரசொரப்பான ஒரு வகை இம்ப்ளான்டை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றோடு (லிம்ஃபோமா) தொடர்பு தெரிந்ததால், 2019ல் அல்லர்கன் கம்பெனி உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எந்தக் கம்பெனி, எந்த மாதிரி என்ற அட்டையைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். இன்னொன்று, உங்கள் முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சதையை எடுத்து வைப்பது. தொட்டால் இயல்பாக இருக்கும், ரேடியேஷனையும் ஓரளவு தாங்கும். ஆனால் அடிவயிற்றுச் சதை என்றால் பல மணி நேர ஆபரேஷன், இரண்டாவது தழும்பு, நீண்ட ஓய்வு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது கஷ்டம்.

இரண்டிலும் பழைய உணர்ச்சி திரும்பாது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். முதல் ஆபரேஷனோடு முடிவதும் அரிது. காம்பு உருவாக்க, மறுபக்கத்தோடு சமன் செய்ய என்று மறுபடி போக வேண்டியிருக்கும். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருந்தாலும், இந்தப் பகுதி அதில் வருமா என்பதை ஆபரேஷனுக்கு முன்னால் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். தனியார் பாலிசிக்காரர்கள் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், "அழகுக்காகச் செய்தது" என்று கழித்துவிடும் சண்டை அங்கே சகஜம்.

ரேடியேஷன் நிச்சயம் என்றால் அது முடிந்து ஆறிய பிறகு செய்துகொள்வதை நான் சொல்வேன். வருடங்கள் கழித்தும் செய்யலாம், கதவு மூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கட்டி மட்டும் | மார்பு முழுதும் | எடுத்து உருவாக்குவது |
|---|---|---|---|
| ஆயுள் | சமம் | சமம் | சமம் |
| ரேடியேஷன் | அநேகமாக எல்லாருக்கும் | சிலருக்கு | சிலருக்கு. வந்தால் சிக்கல் |
| கீமோ | ஆபரேஷனைப் பொறுத்தது அல்ல | அதே | அதே |
| மறுபடி தியேட்டர் | ஓரம் சுத்தமில்லை என்றால் | அரிது | பெரும்பாலும் உண்டு |
| உணர்ச்சி | இருக்கும் | இருக்காது | இருக்காது |
| அலைச்சல் | ரேடியேஷன் வாரங்கள் | டிரெயின், டிரெஸ்ஸிங் | எல்லாவற்றிலும் அதிகம் |

## அக்குளைப் பற்றியும் கேளுங்கள்

மார்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது அக்குள் விட்டுப்போகிறது. பின்னாளில் கை வீங்குவது பெரும்பாலும் அங்கே எத்தனை முடிச்சு எடுத்தார்கள், அங்கே ரேடியேஷன் பட்டதா என்பதைப் பொறுத்தது. எந்த மார்பு ஆபரேஷன் என்பதற்கும் அதற்கும் அதிகத் தொடர்பு இல்லை. ஆரம்ப நிலை என்றால் நீலச் சாயமோ லேசான கதிர்மருந்தோ செலுத்தி முதல் சில முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம், அவற்றில் நோய் இல்லை என்றால் மிச்சத்தைத் தொடவே வேண்டாம். (சாயம் செலுத்தினால் மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்படாதீர்கள்.) இந்த வசதி இருக்கும் மருத்துவமனைக்காகக் கொஞ்சம் தூரம் போவது வீண் இல்லை. கைவீக்கம் ஒருமுறை வந்தால் மாவு பிசைவதும் குடம் தூக்குவதும் கூடப் பிரச்சினையாகிவிடும்.

## எவ்வளவு நேரம் இருக்கிறது?

"நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும், இந்த முடிவுக்கு ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் நாட்டு மருந்தில் கழிப்பதுதான் கெடுதல். அந்த வாரங்களில் கட்டி எந்த வகை என்று சொல்லும் ஹார்மோன், ஹெர்-2 ரிப்போர்ட்டுகள் வந்துவிடும். ஆபரேஷன் செய்யும் டாக்டரை மட்டும் பார்க்காமல் ரேடியேஷன் டாக்டரையும் முன்கூட்டியே ஒருமுறை பாருங்கள், மார்பை எடுத்தாலும் ரேடியேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு அவரிடம்தான் நேரான பதில் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு, 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு மருத்துவமனை மாதிரி எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தில் இது சுலபம். இலங்கையில் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசு புற்றுநோய் மருத்துவமனைகள் இருக்கின்றன.

கடைசியாக, கையெழுத்து. கட்டி மட்டும் எடுப்பது என்று பேசி முடித்த பிறகும் சம்மதப் படிவத்தில் "தேவைப்பட்டால் முழு மார்பும்" என்று ஒரு வரி இருக்கலாம். எந்த நிலையில் "தேவைப்படும்", அப்படி வந்தால் மயக்கத்திலேயே முடித்துவிடுவார்களா அல்லது தெளிந்தபின் கேட்டுவிட்டு மறுபடி செய்வார்களா என்று கேளுங்கள். கேட்காமல் செய்ய வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடலாம். படிவத்தை வெளியே நிற்கும் கணவரிடம் நீட்டினால், உள்ளே கூப்பிட்டு நீங்களே வாங்கிப் படியுங்கள்.